அடிக்காதீங்க சார்... அது சேட்டை இல்லை!

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார் என் நண்பர். தீபாவளி ஆர்டர் நெரிசலிலும் ஒரு பைசா பிசகாது. அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, யார்கிட்டயும் சொல்லிடாதே. மூணாங்கிளாஸ் படிக்கிற பய, தினமும் டிராயர்லயே போயிட்டு வர்றான். கேட்டா 'எனக்குத் தெரியலப்பா'ங்கறான். நேத்து பெல்ட்டைக் கழட்டிட்டேன்..."

(சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை! ஹி... ஹி...)

பையனை விருதுநகரில் ஒரு குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், "ஒழுங்கா வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?" என்றார்.

"அதான் தினமும் போறானே சார்!"

"அது போறது இல்ல தம்பி... கசியிறது!"

விஷயம் இதுதான். என்றைக்கோ ஒருநாள் இறுகிப் போய் வலித்திருக்கும். பயந்துபோன பிள்ளை அடக்க ஆரம்பிக்கும். அடக்க அடக்க, குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் கல்லாகும். பழைய பாக்கி மலையாய்ச் சேர்ந்தால் குடல் விரிந்து, 'வருது' என்ற உணர்வே மழுங்கிவிடும். புதிதாக வருவது இளகலாகப் பக்கவாட்டில் கசியும். பையன் சொன்ன 'தெரியல' சத்தியமான வார்த்தை! நாற்றம்கூட அவன் மூக்குக்குப் பழகிப் போயிருக்கும். நாலு வயசுக்கு மேல் இப்படி நடந்தால் டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர், 'என்கோப்ரெசிஸ்'. பெரும்பாலும் மலச்சிக்கல்தான் காரணம். பையன்களுக்குத்தான் அதிகம். இதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்த மருந்து கொடுப்பது, திரியை அணைப்பதாக நினைத்துப் பற்றவைக்கிற கதை!

ஏன் அடக்கினான்? டாக்டர் தனியாகக் கேட்டபோது சொன்னான். "ஸ்கூல் கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்ல. பசங்க எட்டிப் பாப்பாங்க."

பள்ளிக்கூடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆறு மாதம் கெடு வைத்தது. கட்டடம் வந்தால் போதுமா? தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டாமா? சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயற்கை. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிட்டால், மணியடிக்கிற நேரத்தில்தானே வயிறும் மணியடிக்கும்?

நம்ம ஊர் மெனுவையும் பாருங்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா! நாக்குக்கு சொர்க்கம். நார்ச்சத்து? தேடவேண்டியதுதான். கூடவே கீரை, கொய்யா, பப்பாளி, நிறைய தண்ணீர் சேருங்கள்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் டாக்டர் தரும் மருந்தில் பழைய பாக்கி பைசல். பிறகும் மாதக்கணக்கில் மருந்து தொடரும். ரெண்டே வாரத்தில் 'சரியாச்சு' என்று நாமாக நிறுத்தினால் பழைய குருடி கதைதான். சாப்பிட்டதும் ஐந்து, பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே ஒரு 'சபாஷ்'! அடி, திட்டு, சித்தப்பா முன்னால் கேலி... மூச்!

ரத்தம், வாந்தி, வயிறு உப்பல், எடை குறைவு, காலில் பலவீனம் இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று இப்படியாகி, யாரையோ கண்டு மிரண்டால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். உதவிக்கு 1098 இருக்கிறது.

கல்யாணமே ஆகாத பிரம்மச்சாரிகளும் படித்து வையுங்கள் சார். அக்கா பையன் இருப்பானில்லையா?

நண்பர் என்ன செய்தார்? தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை ஸ்குரூ டிரைவரோடு போய், தாழ்ப்பாளைத் தானே மாட்டிவிட்டு வந்தார். சில மாதத்தில் பையன் டிராயர் சுத்தம்!

"தாழ்ப்பாள் செலவை எந்தத் தலைப்புல எழுதினே?" என்றேன்.

"மருத்துவச் செலவு மாப்ளே!"

பைசா பிசகாத கணக்கு!