ஐஸ் பெட்டியில் ஓட்டை வேண்டும்

மீன் செத்தவுடன் அதன் சதையில் கிருமி இருப்பதில்லை. கிருமிகள் குடியிருப்பது தோலின் வழுவழுப்பிலும் செவுளிலும் குடலிலும். வெயில் ஏற ஏற அவை சதைக்குள் புகுகின்றன. கூடவே மீனின் சொந்தச் செரிமான நொதிகளும் சும்மா இருப்பதில்லை. இரை தின்ற வயிற்றோடு பிடிபட்ட மத்தி சில மணி நேரத்திலேயே வயிறு வெடித்துவிடுவது அதனால்தான். எனவே பெரிய மீன் என்றால் செவுளையும் குடலையும் உடனே எடுத்து, ரத்தம் போகக் கழுவிவிடுவதே முதல் வேலை.

அடுத்தது ஐஸ். இதைவிட நல்ல இயற்கைப் பாதுகாப்பு இன்றுவரை இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைக் குளிர்விக்க அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆனாலும் நம் ஊர் வெயிலில் பெட்டிக்கு வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதனால் கிலோவுக்குக் கிலோ என்பதே சரியான கணக்கு. பெரிய கட்டிகள் உதவாது. நொறுக்கிய ஐஸ்தான் மீனை எல்லாப் பக்கமும் தொடும். உருகும் நீர் வழுவழுப்பையும் ரத்தத்தையும் கழுவிக்கொண்டு கீழே ஓட வேண்டும். பெட்டியின் அடியில் ஓட்டை இல்லையென்றால் மீன் தன் அழுக்கிலேயே ஊறும்.

மஞ்சள், உப்பு, புளி? உதவும், ஆனால் ஐஸுக்கு மாற்றாகாது. இலங்கையின் 'ஜாடி' முறையில் மீன் துண்டுகளை உப்போடும் குடம்புளி இனத்துக் கொறுக்காய்ப்புளியோடும் மண்பானையில் அடுக்கி மூடுகிறார்கள். புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அதை மாதக்கணக்கில் காக்கும். அருமையான முறைதான். ஆனால் கிடைப்பது ஊறவைத்த மீன், பச்சை மீன் அல்ல.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வாங்குவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். தின்றால் முகம் சிவந்து, அரிப்பு எடுக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. புளி ஊற்றினாலும் போகாது.

2018இல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணத்தைப் பதப்படுத்தும் மருந்தை மீனில் தெளிக்கத் துணிந்தவர்கள் மிச்சம் பிடிக்க நினைத்தது ஐஸ் காசைத்தான்.

சந்தைக்குப் போனால் மீனைக் கடைசியாக வாங்குங்கள். கடைக்காரரிடம் இரண்டு கை நொறுக்கிய ஐஸ் கேட்டு, பைக்குள் மீன் மேலே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.