42 கி.மீ. ஓட 711 கி.மீ.

சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் நடக்கிறது. அன்று ஓட வேண்டிய தூரம் 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி ஒயிட் சிட்டி அரங்கில் முடித்தபோது அமைந்த தூரம் அது. 1921-ல் அதையே உலகம் முழுவதற்குமான அளவாக வைத்துக்கொண்டார்கள். இந்த எண்ணை ஓடாதவர்களும் அறிவார்கள். அந்த நாளுக்கு முன் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி, எத்தனை ரூபாய், யாருடைய நேரம் என்ற கணக்கைத்தான் பெயர் கொடுக்கும் முன் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. எழுதிப் பார்த்தால், ஷூ கடைக்காரர் முதலில் காட்டும் பொருளுக்கும் உண்மையில் ஆகும் செலவுக்கும் தொடர்பே குறைவு.

கணக்குக்காக ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். எடை 65 கிலோ. அலுவலக வேலை. பள்ளி போகும் பிள்ளைகள் உண்டு. 10 கி.மீ. நிற்காமல் ஓடிப் பழக்கம். முதல் ஃபுல் மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிக்க ஆசை. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. உலகச் சாம்பியன்கள் இரண்டாம் முறை ஓடி முடித்திருக்கும் நேரம் இது. ஆனால் நம் சாலைகளில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேகத்துக்கு அருகில்தான் இருக்கிறார்கள்; அவர்களுக்கான கணக்கே எனக்கு முக்கியம்.

பயிற்சி 18 வாரம், செப்டம்பர் முதல் வாரத்தில் தொடக்கம். முதல் வாரம் 30 கி.மீ., பிறகு 33, 36. நான்காம் வாரம் 28-க்கு இறக்கம். மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குவது என்று போய் 14-ஆம் வாரம் 56 கி.மீ. என்ற உச்சத்தைத் தொடும். அதன்பின் 44, 42, 30, கடைசி வாரம் பந்தயத்துக்கு முன் 14. எல்லாம் கூட்டினால் 711 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலைவழி ஏறத்தாழ 700 கி.மீ. முனை வரை ஓடிப்போய், அங்கே நின்று, பிறகுதான் பந்தயம்.

இந்த 711-ல் ஞாயிற்றுக்கிழமைகளின் பங்கு மட்டும் 342. பதினேழு ஞாயிறுகள், 12 கி.மீ.யில் தொடங்கி 24, 28, 30 என்று ஏறி 32-ல் நிற்கும். ஓட்டக்காரர்கள் ‘லாங் ரன்’ என்று சொல்வது இதைத்தான். வார நாட்களின் மூன்று ஓட்டங்களும் சேர்ந்து மிச்சப் பாதியைப் பகிர்ந்துகொள்ளும். வாரத்தில் ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. ஞாயிறு தவறினால் அந்த வாரமே பாதியாகிவிடும்.

வேகத்துக்கும் ஒரு விகிதம் இருக்கிறது. நீண்டதூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டது, அவர்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் மெதுவானது என்பதை. நம் ஆளுக்கு அது 569 கி.மீ. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மெதுவாக ஓட வெட்கப்படுவதுதான் புதியவர்களின் பெரிய செலவு என்பேன். முட்டிவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் பெரும்பாலும் அந்த வெட்கத்தின் பில்தான்.

காலுக்கு வருவோம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்றால் 711 கி.மீ.க்கு 5,332 நிமிடம். நிமிடத்துக்கு 165 அடி வைத்தால் சுமார் 8,80,000 அடிகள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. 65 கிலோ ஆளுக்கு 160 கிலோவுக்குச் சமமான தாக்கம். ஒவ்வொரு காலுக்கும் 4,40,000 முறை. பிட்டத்துக்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வாரம் இரண்டு முறை 20 நிமிடம் பலப் பயிற்சி செய்யச் சொல்வது இதனால்தான். 16 வாரத்துக்கு அது 11 மணி நேரம்கூட ஆகாது. பணம் எதுவும் வேண்டாம். மாடிப்படி ஒன்று போதும்.

ஒரு ஷூ பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். கணக்குப்படி ஒரே ஜோடி போதும். ஆனால் சென்னைக்கு இரண்டு வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பயிற்சியின் பெரும்பகுதியும் அதே மாதங்களில். செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் நனைந்த ஷூ மறுநாள் காலைக்குள் காயாது. ஈர ஷூவில் 20 கி.மீ. ஓடினால் கொப்புளம் நிச்சயம். ஆகவே ₹6,000 விலையில் இரண்டு ஜோடி: ₹12,000.

இங்கேதான் கடைக்காரர் கார்பன் தகடு வைத்த ₹20,000 ஷூவைக் காட்டுவார். அந்த வகையின் முதல் ஷூவை 2017-ல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் அது மணிக்கு 14 கி.மீ.க்கும் அதற்கு மேலும் ஓடியவர்களிடம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அளந்தபோது ஆதாயம் ஏறத்தாழ 1 சதவீதமாகச் சுருங்கியது. நம் ஆளின் வேகம் மணிக்கு 8.4 கி.மீ. அந்த 1 சதவீதம் முழுதாகக் கிடைத்தாலும் ஐந்து மணி நேரத்தில் மூன்று நிமிடம். ஜலந்தரில் 1978-ல் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற இந்தியச் சாதனையைப் படைத்த ஷிவ்நாத் சிங், வெறுங்காலோடு ஓடுவதற்குப் பேர்போனவர். எல்லோரும் வெறுங்காலோடு ஓடலாம் என்று சொல்லவில்லை. ₹20,000 எங்கே போக வேண்டும் என்பதே கேள்வி.

அது போக வேண்டிய இடம் அடுக்களை. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ 1 கிலோகலோரி வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 711 கி.மீ.க்கு 46,215 கிலோகலோரி. அரிசியாக எடுத்துக்கொண்டால் சுமார் 13 கிலோ, கிலோ ₹60 என்றால் ₹800-க்குக் கொஞ்சம் குறைவு. கன்னியாகுமரி வரை ஓட ₹800 எரிபொருள்! 126 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 367 கிலோகலோரிதான். ‘மாரத்தானுக்கு ஓடுகிறேன்’ என்று சொல்லி இரண்டு தட்டு பிரியாணி வாங்குபவர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

புரதக் கணக்கு வேறு. சும்மா இருப்பவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம், நம் ஆளுக்கு 52 கிராம் போதும். நீண்டதூரம் ஓடுபவருக்கு 1.2 முதல் 1.6 வரை சொல்கிறார்கள். 1.4 என்று வைத்தால் 91 கிராம். சோறு, சாம்பார், ரசம், தயிர் என்று போகும் நம் சாப்பாட்டில் இந்த 39 கிராம் இடைவெளி தானாக நிரம்பாது. இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, அரை லிட்டர் பாலில் 16. கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. தெருக்கடை விலையில் நாளுக்கு ₹40. 126 நாளுக்கு ₹5,040. எரிபொருளைவிடப் பழுதுபார்ப்புக்கு ஆறு மடங்கு. இந்த மூன்றிலும் சேர்த்து 600 கிலோகலோரிக்கு மேல் கிடைப்பதால் ஓட்டத்துக்கான 367-ம் அதிலேயே அடங்கிவிடும். அரிசிக்கு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு மட்டும் சோற்றைக் குறைக்காமல் இருந்தால் சரி.

பந்தய நாளின் எரிபொருள் தனிக் கணக்கு. தசையிலும் ஈரலிலும் உடல் சேமிக்கக்கூடிய மாவுச்சத்து தோராயமாக 500 கிராம், 2,000 கிலோகலோரி. அதைக் கிலோமீட்டருக்கு 65 என்று வகுத்தால் 30.8. முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘சுவரில் முட்டிவிட்டது’ என்று ஓட்டக்காரர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த வகுத்தல். கொழுப்பும் கூட எரிவதால் எல்லை சற்றுத் தள்ளிப்போகும். முதல் 10 கி.மீ.யை ஆவேசமாக ஓடினால் மாவுச்சத்து வேகமாகக் கரைந்து முன்னே வரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 45 என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 225 கிராம். 25 கிராம் ஜெல் பாக்கெட் ஒன்பது. ₹120 வீதம் ₹1,080. அதே 25 கிராம் வெல்லக்கட்டியாக ₹2-க்குக் கிடைக்கும், நடுத்தர வாழைப்பழமாக ஏழெட்டு ரூபாய்க்கு. ஜெல்லின் மேன்மை விழுங்கும் வசதியில் இருக்கிறது, சத்தில் இல்லை. எதைத் தேர்ந்தாலும் 24, 28, 32 கி.மீ. ஞாயிறுகளில் வயிற்றுக்குப் பழக்கிவிட வேண்டும்.

தண்ணீரை எடைபோட்டே அறியலாம். ஓடும் முன் 65.0 கிலோ, ஒன்றரை மணி ஓடி முடித்து ஈரம் துடைத்தபின் 63.6, இடையில் குடித்தது அரை லிட்டர் என்றால் வெளியேறிய வியர்வை 1.9 லிட்டர். மணிக்கு ஏறக்குறைய 1.27. ஐந்து மணி நேரத்துக்கு 6.3 லிட்டர். அத்தனையும் குடித்து ஈடுகட்ட முயல்வது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அதிகம் குடித்து எடை கூடியவர்களிடமே அது மிகுதி. ஒரு லிட்டர் வியர்வையில் தோராயமாக 1 கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு போகிறது. தாகத்துக்குக் குடிப்பதும், உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கைவசம் வைத்திருப்பதும் போதும்.

இனிப் பணத்தைக் கூட்டிவிடலாம். ஷூ ₹12,000, காலுறை நான்கு ஜோடி ₹1,200, பனியன், அரைக்கால் சட்டை ₹3,000, தொடை உரசாமலிருக்க வாசலின் ₹100, புரதம் ₹5,040, நீண்ட ஓட்டங்களுக்குப் பழமும் ஓ.ஆர்.எஸ்.ஸும் ₹1,000, ஜெல் ₹1,080, நுழைவுக் கட்டணம் சுமார் ₹2,000. இதோடு ₹1,500 மருத்துவப் பரிசோதனை. இதைப் பலர் தவிர்க்கிறார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஃபுல், ஹாஃப் மாரத்தான் ஓடிய 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். இதயம் நின்றது 1,84,000 பேரில் ஒருவருக்கு. மிக அரிது, ஆனால் அடிப்படையில் பெரும்பாலும் முன்பே இருந்த இதயக் கோளாறு. வீட்டில் இளவயது மாரடைப்புக் கதை இருந்தால் இந்த வரியை அடிக்கவே கூடாது. மொத்தம் ₹26,920. பந்தயத்தையும் சேர்த்து 753 கி.மீ.க்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு ₹36.

நேரத்தின் பக்கம் கனம் கூடுதல். ஓடுவதற்கு 89 மணி. உடை மாற்ற, இடத்துக்குப் போக, குளிக்க ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் என்றால் 47 மணி. பலப் பயிற்சி 11. ஆக 147 மணி. வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். இது ஓடுபவரின் நேரம். அதே நேரத்தில் பால் காய்ச்சி, டிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளி வேன் ஏற்றுகிறவரின் நேரத்தை எந்தப் பயிற்சி அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. வாரநாள் காலைகள் 54; காலைக்கு ஒரு மணி என்றால் 54 மணி. பதினேழு ஞாயிறுகள், மும்மூன்று மணி, 51. மொத்தம் 105 மணி நேரம் இன்னொருவர் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. பதக்கத்தை மாட்டிக்கொண்டு படம் எடுப்பவர் ஒருவர். இந்த 105 மணியைக் கட்டியவர் பெரும்பாலும் படத்துக்கு வெளியே.

ஓடுபவர் பெண்ணாக இருந்தால் அந்த 105 மணியை ஈடுசெய்ய ஆள் இருப்பது அரிது. நான்கரைக்கு ஓட மூன்றரைக்கே எழுந்து குழம்பை இறக்கிவைத்துவிட்டு வருகிறவர்களை எந்த ஓட்டக் குழுவிலும் பார்க்கலாம். அவர்கள் அந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். ஓடிய தசை சீராவது தூக்கத்தில்தான். விடியாத தெருவில் தனியாக ஓட முடியாததால் துணைக்கு ஆள் வரும் நாளில்தான் ஓட்டம். ஒலிம்பிக் மாரத்தானில் பெண்களைச் சேர்க்க 1984 வரை ஆயிற்று. தெருவிளக்கும் வீட்டு வேலைப் பங்கீடும் அந்த வேகத்துக்கு இன்னும் வரவில்லை. ஆண்கள் பெயர் கொடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இந்த வரியை எழுதி, எதைத் தாங்கள் திருப்பிச் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை முழுவதும் சமையல் என்றாலும் சரி.

மழைக்கும் ஓர் ஒதுக்கீடு வேண்டும். 2023 டிசம்பர் 3, 4-ல் மிக்ஜாம் புயல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்தது. இரண்டும் ஜனவரி பந்தயத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்னே, நம் அட்டவணையில் 30 கி.மீ. ஓட வேண்டிய ஞாயிற்றை ஒட்டி வந்தன. அந்த 13-ஆம் வாரத்தின் 54 கி.மீ. முழுவதும் போனாலும் இழப்பு 711-ல் 7.6 சதவீதம். ஒரு வார ஓய்வில் உடல்தகுதி பெரிதாகச் சரியாது. விட்டதையும் சேர்த்து மறுவாரம் 110 கி.மீ. ஓடினால்தான் கால் போகும். தேங்கிய நீரில் இறங்கி ஓடவும் வேண்டாம். திறந்த சாக்கடைக் குழி தெரியாது, எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு.

பந்தயம் முடிந்தபின் இரண்டு வாரம் ஓட்டமே இல்லாமல், நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே 18 வாரம் என்பது உண்மையில் 20. இரண்டு ஜோடி ஷூவுக்கும் தலா 700 கி.மீ. ஆயுள் என்று வைத்தால் 1,400-ல் 753 தேய்ந்திருக்கும். மீதமுள்ளதன் மதிப்பு ₹5,546. அதைக் கழித்தால் இந்த ஆண்டுச் செலவு ₹21,374, கிலோமீட்டருக்கு ₹28. கழித்த தொகை அடுத்த செப்டம்பரின் முதல் வரவு.