இரு வழியும் ஒரு கணினியும்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்வோர்க்கு இரண்டு பெருந்தெருக்கள் உள. ஒன்று அவிசாவளை, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாகச் செல்வது. மற்றையது கண்டிப் பக்கமாக வந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகச் செல்வது. தெரு இரண்டு என்பதனால் லொறியொன்று பாதி நேரத்திற் சென்று சேர்ந்துவிடாது. ஆயின், லொறிகள் பலவாயின் அவற்றைப் பகிர்ந்து அனுப்பலாம். மண்சரிவால் ஒரு தெரு அடைபடின் மற்றையதை நாடலாம். லினக்ஸ் இயங்கும் வீட்டுக் கணினியில் இரண்டு இணைய இணைப்புகளை ஒருங்கே வைத்திருப்பதற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கணினியிலிருந்து வெளியேறும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். எப்பொதி எவ்வழி செல்லவேண்டும் என்பதை வழிப்பட்டியல் என்னும் அட்டவணை தீர்மானிக்கும். வெளியுலகுக்கு வழி இரண்டாயின், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; சிறிய எண்ணை உடையதே தெரிந்தெடுக்கப்படும். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இணைப்புகளைப் பேணும் நெற்வேர்க் மனேஜர், கம்பி இணைப்புக்கு 100 என்றும் வைஃபைக்கு 600 என்றும் எண் வழங்கும். ஆதலின் ரவுட்டரைக் கம்பியாலும் கைபேசியை வைஃபையாலும் பொருத்தியவர் இரண்டும் உழைப்பதாகக் கருதினும், உண்மையில் ஒன்று உழைக்க மற்றையது வாளாவிருக்கும்.

இரண்டையும் உழைக்கச் செய்யவும் வகையுண்டு. பொது வழிக்கு இரண்டு வாயில்களைக் குறித்து, அவற்றின் வலுவுக்கேற்ப 3, 1 என்றவாறு பங்கு கொடுக்கலாம். அவ்வாறு செய்யினும் ஓர் உரையாடலின் பொதிகள் யாவும் ஒரே வழியிற்றான் செல்லும். எனவே பெருங்கோப்பு ஒன்றை இறக்கும் வேகம் இருமடங்காகாது. கோப்பு ஒரு வழியிலும் பாடம் மற்றொரு வழியிலும் வருதலே கிட்டும் பயன். அன்றியும், இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. ஒன்றன் முகவரியைத் தாங்கிய பொதி மற்றொன்றன் வழியே வெளியேறின், அதனை நிறுவனத்தார் தடுத்துவிடுதல் கூடும். இதனைத் தவிர்க்க இரண்டு வழிப்பட்டியல்களை அமைத்து, முகவரிக்கேற்பப் பட்டியலைத் தெரியுமாறு விதி வகுத்தல் வேண்டும். 1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 முதலே இவ்வசதி உளது. ஓர் உரையாடலையே இரு வழிகளிலும் பகிரும் பன்வழி முறை 2020இல் லினக்ஸ் 5.6 உடன் வந்தது. எனினும் மறுமுனையிலுள்ள கணினியும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மலைநாட்டார்க்கு வேகத்தினும் இன்றியமையாதது தொடர்பு அறாமையே. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது மாணவர் பலர் அலைவரிசை தேடி மேடுகளில் ஏறினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பல இடங்களிற் தெருவையும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் ஒருங்கே அறுத்தது. இணைப்பு இரண்டிருந்தும் இத்தகைய வேளையில் ஒன்றும் உதவாதுபோகலாம். ரவுட்டர் ஒளிவிட்டுக்கொண்டிருக்க, அதற்கப்பால் கம்பி அறுந்திருப்பின், வழிப்பட்டியல் அதனைத் தானே உணராது. நெற்வேர்க் மனேஜரின் இணைப்புச் சோதனையை இயக்கியிருப்பின், பயனற்ற வழியின் எண்ணோடு 20000 கூட்டப்பட்டு மற்றைய வழி முன்னுக்கு வரும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் ஆராயவேண்டியது வேறொன்று. இரு நிறுவனங்களின் சேவையும் ஒரே கோபுரத்திலிருந்து வருமாயின், பெயர் இரண்டாயினும் வழி ஒன்றே. கம்பி ஒன்றும் கைபேசி ஒன்றுமாக, இயன்றவரை ஒன்றையொன்று சாராத வழிகளைத் தெரிதலும், மின்சாரம் நின்றபோது ரவுட்டருக்கு மின்கல வசதி செய்தலும் கட்டளைகளை எழுதுவதற்கு முன் செய்யவேண்டியனவாம்.