காக்கா பொய், வாந்தி பொய்யா?



"கதைகளில் வரும் அதிசய விலங்குகள் வெறும் கற்பனையே" என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். "யாளியைக் கண்டவர் உண்டா? கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சவால் வேறு! ஐயா, யாளியைக் கூட்டிக்கொண்டு வர என்னால் முடியாது. (சிரிப்பு) ஆனால் கோயில் தூணில் நிற்கிற அந்த யாளியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உடம்பு சிங்கம். துதிக்கை யானை. சிற்பி கண்டதைத்தான் கலந்தான். கற்பனைக்கும் கைமுதல் வேண்டும் ஐயா! (கைதட்டல்)

நம்ம ஊரிலே ஒரு கதை சொல்வார்கள். ஒருத்தன் கறுப்பாக வாந்தி எடுத்தான். பார்த்தவன் பக்கத்து வீட்டில் போய், காக்கா நிறத்தில் எடுத்தான் என்றான். தெருக்கோடிக்குப் போகும்போது, காக்காவாகவே எடுத்தான் என்று ஆயிற்று. ஊர் எல்லையிலே பத்துக் காக்கா பறந்தது! (சிரிப்பு) காக்கா பொய்தான். வாந்தி பொய்யா? எங்கள் கட்சி அவ்வளவுதான் ஐயா.

நார்வே நாட்டு மீனவர்கள் "கிராக்கன்" என்று ஒரு கடல் பூதத்தைச் சொன்னார்கள். தீவு மாதிரி மிதக்குமாம், கப்பலையே இழுத்துக்கொண்டு போகுமாம். படித்தவர்கள் சிரித்தார்கள். டென்மார்க் விஞ்ஞானி ஸ்டீன்ஸ்ட்ரப் சிரிக்கவில்லை. கரை ஒதுங்கிய ஒரு பிராணியின் அலகை வைத்து, இது ராட்சதக் கணவாய் என்று 1857-இல் அதற்கு அறிவியல் பெயரே வைத்துவிட்டார். நம்ம சந்தையில் விற்கிற கணவாய்க்குப் பெரிய அண்ணன்! சுமார் 12 மீட்டர் வரை வளரும். அது உயிரோடு ஆழ்கடலில் இருப்பதை 2004-இல்தான், சுமார் 900 மீட்டர் ஆழத்தில், ஜப்பானிய ஆய்வாளர்கள் முதல்முறையாகப் படம் பிடித்தார்கள். கப்பலை இழுத்தது காக்கா. கணவாய் நிஜம்!

கிரேக்கர்களுக்கு ஒற்றைக் கண் அரக்கன். சிசிலித் தீவுக் குகைகளில் பழங்காலக் குட்டை யானைகளின் எலும்புகள் கிடைக்கின்றன. யானையின் மண்டையோட்டிலே நடு நெற்றியில் பெரிய பள்ளம் இருக்கும். அது துதிக்கைக்கான மூக்குத் துவாரம். யானையையே பார்க்காதவன் அதைக் கண்டால் என்ன நினைப்பான்? ஒற்றைக் கண் என்றுதானே நினைப்பான்! 1914-இல் ஆஸ்திரிய அறிஞர் ஒத்தேனியோ ஆபெல் சொன்ன யூகம் இது. தீர்ந்த முடிவு என்று நான் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்கிறேன்.

இப்போது கடற்கன்னிக்கு வருகிறேன். கொலம்பஸ் 1493 ஜனவரியில் கரீபியன் பகுதியில் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்றும் குறிப்பு இருக்கிறது. பாவம், எப்படி அழகாயிருக்கும்? அவர் பார்த்தது மனாட்டி என்கிற பிராணி என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. (சிரிப்பு) அதன் உறவுக்காரர்தான் நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற கடற்பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும். மூச்சு வாங்க மேலே வரும். தாய்க்குப் பால்காம்பு மார்புப் பக்கம், துடுப்புக்கு அடியில், கை இடுக்கிலே இருக்கும். கீழே மீன்வால். தூரத்திலே, மங்கிய வெளிச்சத்திலே, மாசக்கணக்கில் வீட்டைப் பிரிந்த மாலுமி பார்த்தால் என்ன தோன்றும்? நீங்களே சொல்லுங்கள்! உலகத்துக் கடற்கன்னிக் கதை எல்லாமே இதனால் வந்தது என்று நான் வாதாடவில்லை. கொஞ்சமாவது இதனால் வந்தது.

"அதனால் என்ன லாபம்?" என்பீர்கள். சொல்கிறேன். இந்தக் குடும்பத்திலே மிகப் பெரியது, சுமார் 8 மீட்டர் நீளம், பெரிங் தீவுப் பக்கம் இருந்தது. 1741-இல் ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் அதை எழுதி வைத்தார். 1768-க்குள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். 27 வருஷம்! ஒரு குழந்தை பிறந்து கல்யாண வயசு வருவதற்குள் ஓர் இனமே போய்விட்டது. இன்று அதுவும் நமக்கு ஒரு கதைதான் ஐயா!

நம்ம கடற்பசு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். கர்ப்பம் ஒரு வருஷத்துக்கும் மேல். அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வரமுடியாமல் செத்துப்போகும். அதனால்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. பிழைப்புக்கான வலையைத் தன் கையாலேயே அறுத்து, சிக்கிய ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்கள் அந்தக் கரையிலே இருக்கிறார்கள். (நீண்ட கைதட்டல்)

கற்பனைதான் என்று தள்ளிவிட்டால், யாரும் தேடமாட்டார்கள். தேடாததை யாரும் காப்பாற்றமாட்டார்கள். பாட்டி கதை சொல்லும்போது குழந்தை கேட்கும், "நிஜமாவா பாட்டி?" என்று. "ஆமாண்டா கண்ணு, இப்பவும் இருக்கு" என்று பாட்டி சொல்ல வேண்டும். "இருந்துச்சு" என்று சொல்லக்கூடாது. ஆகவே கதை விலங்குகளுக்குக் கண்ட காட்சியே மூலம் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.