எரிச்சல் அடக்கும் மருந்து: எதற்கு, எப்போது, எதுவரை?

உண்ட உணவு எதுக்களித்து நெஞ்சு எரிகிறது என்று முறையிடாதார் இன்று அரியர். நேரந்தவறி உண்ணும் ஆசிரியரும், இரவு வேலை பார்க்கும் தொழிலாளரும், முதுமை எய்தியோரும் ஒருங்கே கூறும் குறை இது. இதற்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது, இரைப்பையில் ஊறும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தாகும். நல்ல மருந்து, குடற்புண்ணால் குருதி கக்கும் நிலையிலிருந்து பலரைக் காத்த மருந்து. ஆயினும், நன்மருந்தையும் முறையறியாது உண்டால் பயன் குறையும்; தீங்கும் சேரும். இதற்கு என் நண்பர் ஒருவரே சான்றானார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இனிப்புநீர் நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாளாக உண்டு வருபவர். நெஞ்செரிச்சலுக்கென்று மருத்துவர் ஆறு வாரத்திற்கு எழுதித் தந்த ஒமெப்பிரசோல் மருந்தை, பின்னர்த் தாமாகவே வாங்கி நான்கு ஆண்டுகள் உண்டார். அதுவும் இரவு உணவு உண்டு, கோப்பியும் அருந்தி, படுக்கைக்குப் போகும்போது! எரிச்சல் முற்றும் நீங்கவில்லை. நாளடைவில் பாதங்கள் மரத்தன. 'இஃது இனிப்புநீரின் வேலை' என்று அவர் வாளா இருந்தார். குருதியைச் சோதித்தபோதுதான் பி12 என்னும் உயிர்ச்சத்து மிகக் குறைந்திருப்பது தெரியவந்தது. அஞ்சியவர் அன்றே ஒமெப்பிரசோலை நிறுத்திவிட்டார். இரண்டு வாரங்களுக்குள் எரிச்சல் முன்னிலும் மிகுந்தது.

உண்டதும் பிழை, நிறுத்தியதும் பிழை என்றால் நோயாளி என்னதான் செய்வது? எதற்கு, எப்போது, எதுவரை என்னும் மூன்று வினாக்களைக் கேட்டறிந்து நடப்பதே வழி. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அமிலம் பகையன்று

முதலில் அமிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் மெக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் வயிற்றில் துப்பாக்கி வெடித்துக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் புண் ஆறிய பின்னும் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் வில்லியம் போமண்ட், உணவுத் துண்டுகளை நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே இறக்கியும், மீண்டும் வெளியே எடுத்தும் ஆராய்ந்தார். கண்டவற்றை 1833இல் நூலாக வெளியிட்டார். இடையில் 1824இல், இரைப்பை நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட் வெளியிட்டிருந்தார். செரித்தல் என்பது வெறும் அரைத்தல் அன்று, அஃது ஓர் இரசாயன வினை என்பது இவ்வாறு நிலைபெற்றது.

இவ்வமிலம் புரதத்தைச் செரிக்கத் துணைசெய்கிறது. உணவோடு புகும் கிருமிகளைக் கொல்கிறது. உணவில் ஒட்டியிருக்கும் பி12 சத்தைப் பிரித்துத் தருகிறது. இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. இரைப்பையின் உட்சுவரை வழுவழுப்பான ஒரு படலம் காக்கிறது. உணவுக்குழலுக்கு அத்தகைய வலுவான காப்பு இல்லை. ஆதலால், அமிலம் மேலேறும்போது நெஞ்சு எரிகிறது. நெருப்பு அடுப்பில் இருந்தால் சோறு வேகும். கூரையில் ஏறினால் வீடு வேகும். கூரையைக் காப்பதற்காக அடுப்பை எந்நாளும் அணைத்தே வைப்பது அறிவுடைமை ஆகுமா?

மருந்துகள் மூவகை

அமில மருந்துகள் மூவகைப்படும். முதல் வகை, ஊறிய அமிலத்தை முறிப்பது. கால்சியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் உப்புகளால் ஆன மாத்திரைகளும் பால்போன்ற மருந்துகளும் இவ்வகையின. விரைவில் ஆற்றும், விரைவில் ஓயும்.

இரண்டாம் வகை, அமிலம் சுரக்குமாறு ஏவும் ஹிஸ்டமின் என்னும் பொருளைத் தடுப்பது. ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியால் பிறந்த சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். இன்று இவ்வகையில் மிகுதியாக வழங்குவது ஃபமோட்டிடின். இவ்வகையைச் சேர்ந்த ரானிடிடின் மருந்தில் புற்றுநோய் விளைக்கக்கூடிய மாசு காணப்பட்டமையால், 2019இல் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் எட்டு ரானிடிடின் மருந்துகளைத் திரும்பப் பெற்றது. 2020இல் அமெரிக்க அரசு அம்மருந்து முழுவதையும் சந்தையிலிருந்து நீக்கக் கோரியது. வீட்டு அலமாரியில் பழைய ரானிடிடின் கிடந்தால் அதனை எடுத்து உண்ணலாகாது.

மூன்றாம் வகையே மிக வலியது. இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய 'பம்பு'கள் உள்ளன. அவற்றையே பூட்டிவிடுவது இவ்வகை. 1988இல் விற்பனைக்கு வந்த ஒமெப்பிரசோல் இதன் மூத்த பிள்ளை. எசோமெப்பிரசோல், லான்சோப்பிரசோல், பேண்டோப்பிரசோல், ரபெப்பிரசோல் ஆகியன பின்வந்தோர்.

எதற்கு?

நெஞ்செரிச்சல், குடற்புண், வலி மருந்தின் தீங்கைத் தடுத்தல் ஆகிய மூன்றுக்கும் ஒரே மாத்திரை தரப்படலாம். ஆனால் உண்ணும் முறையும் காலமும் வேறு வேறு. குடற்புண் பலவற்றுக்குக் காரணம் கவலையும் காரமும் அல்ல, ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியே என்பதை ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் கண்டுரைத்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமி உள்ளவருக்கு அமிலத்தை அடக்கினால் மட்டும் போதாது. கிருமிக்கொல்லி மருந்துகளும் சேர வேண்டும். எனவே, ஒருவருக்குத் தந்த மாத்திரையை 'எனக்கும் அதே எரிச்சல்தான்' என்று மற்றவர் வாங்கி உண்பது தவறு.

எப்போது?

என் நண்பர் நான்கு ஆண்டுகள் உண்டும் எரிச்சல் முற்றும் தீராததற்கு விடை இங்கே உள்ளது. ஒமெப்பிரசோல் போன்றவை இரைப்பையில் நேரே வேலை செய்வன அல்ல. அவை சிறுகுடலில் கரைந்து, குருதியில் கலந்து, சுற்றி வந்தே அந்தப் பம்புகளை அடைகின்றன. வேலை செய்துகொண்டிருக்கும் பம்பை மட்டுமே அவற்றால் பூட்ட இயலும். உறங்கும் பம்பை ஒன்றும் செய்யா. பம்புகளை எழுப்புவது உணவு. மருந்தோ குருதியில் சில மணி நேரமே தங்கும். ஆகவே, மருந்து குருதியில் நிறைந்திருக்கும் வேளையும் உணவு பம்புகளை எழுப்பும் வேளையும் ஒன்றாதல் வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் உண்க என்பதன் காரணம் இதுவே. உண்டு முடித்துப் படுக்கப்போகும்போது விழுங்கும் மாத்திரை, எதிரி உறங்கிய பின் களத்துக்கு வந்த படை போன்றது.

இம்மருந்தை அமிலமே அழித்துவிடும். அதனால்தான் அதற்குக் காப்பு உறை இட்டிருக்கிறார்கள். மாத்திரையை நசுக்கியும் மென்றும் உண்டால் உறை சிதைந்து மருந்து வீணாகும். விழுங்க இயலாதோர் மருந்தாளரைக் கேட்டு, தமக்கு ஏற்ற வடிவத்தைப் பெறலாம். முழுப்பயன் தெரியச் சில நாள்கள் ஆகும். முதல் நாளே தீரவில்லை என்று இரட்டிப்பாக உண்ணலாகாது. ஒரு வேளை மறந்தாலும் மறுவேளை இரண்டாக உண்ணலாகாது. இவ்வகையிலேயே உணவுக்கு முன்பின் பாராது உண்ணத்தக்க சிலவும் உண்டு. ஆதலின் உறைமேல் எழுதியிருப்பதே நமக்கு ஆணை.

எதுவரை?

எதுக்களிப்பு நோய்க்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்கள் தருவர். பின்னர் மருத்துவர் நோக்கி, நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா என்று முடிவு செய்வார். அந்த முடிவைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் உண்பதே தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உண்போரிடம் பி12 குறைவு மிகுதியாகக் காணப்படுகிறது. மெட்ஃபார்மினும் அச்சத்தைக் குறைப்பது. இரண்டையும் சேர்த்து உண்போரும், மரக்கறி உணவினரும், முதியோரும் பி12 அளவைச் சோதிக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டறிதல் நலம். மக்னீசியக் குறைவு, எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியனவும் பேசப்படுகின்றன. ஆயினும் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய 17,600 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, பேண்டோப்பிரசோலோ போலி மாத்திரையோ பெற்று, சுமார் மூன்று ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். குடல் தொற்று ஒன்றே மருந்து உண்டோரிடம் சிறிது மிகுந்து காணப்பட்டது.

திடீரென நிறுத்தினால் எரிச்சல் மிகுவது ஏன்? அமிலம் குறைந்ததைக் கண்ட உடல், 'இன்னும் சுரப்பாயாக' என்று ஏவும் காஸ்ட்ரின் என்னும் சுரப்பு நீரைப் பெருக்கி வைத்திருக்கும். பூட்டு விலகியதும் அமிலம் பொங்கும். 2009இல் வெளியான டென்மார்க்கு ஆய்வில், நோயற்ற 120 பேருள் ஒரு பாதியினர் எட்டு வாரம் எசோமெப்பிரசோல் உண்டனர். நிறுத்திய பின் அவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல் முதலிய தொல்லைகள் தோன்றின. போலி மாத்திரை உண்டோருள் 15 விழுக்காட்டினருக்கே தோன்றின. நோயில்லாதார்க்கே இப்படியென்றால், மீண்டும் எரிந்தவுடன் 'எனக்கு நோய் தீரவில்லை' என்று கருதுவது சரியாகுமா? மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தால் இதனைக் கடக்கலாம்.

ஒருசாரார் தாமாக நிறுத்தவே கூடாது. குடற்புண்ணில் குருதி வடிந்தோர், இதயத்துக்காக ஆஸ்பிரினோ மூட்டுவலிக்கு வலி மருந்தோ உண்ணும் முதியோர், உணவுக்குழலின் உட்படலம் மாறிய நோயினர் ஆகியோருக்கு இது காவல் மருந்து.

கேட்க வேண்டியவை, அஞ்ச வேண்டியவை

வேறு மருந்து உண்போர் அவற்றையெல்லாம் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இதய நோயினர் உண்ணும் குளோப்பிடோகிரலின் பயனை ஒமெப்பிரசோலும் எசோமெப்பிரசோலும் குறைக்கக்கூடும். தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் உடலில் சேர்வது குறையலாம்.

மலம் தார்போல் கறுத்தல், குருதி வாந்தி, விழுங்கத் தடை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன தோன்றினால் மாத்திரையால் மூடி மறைக்காது உடனே மருத்துவரை நாடுக. நெஞ்சில் அழுத்தமும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும் கண்டால் அது மாரடைப்பாகலாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை அழைத்தல் வேண்டும்.

என் நண்பர் பி12 ஊசி பெற்றார். பாத மரப்புப் பெரும்பாலும் குறைந்தது. மருத்துவர் ஒமெப்பிரசோலை மீண்டும் தந்து, காலை உணவுக்கு அரைமணி முன் உண்ணச் செய்து, சில மாதங்களில் குறைத்து நிறுத்தினார். இரவு உணவை முன்னேரத்தில் உண்டு, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கிறார்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. முதலில் வைத்தது நோயுற்றவனை. இறுதியில் வைத்தது பேணுவோனை. தமிழாசிரியர்க்கு இவ்விறுதிக் கூற்றில் ஒரு பங்கு உண்டு. மருந்து உறைமேல் உள்ள ஆங்கிலமோ மலாயோ படிக்க இயலாத முதியோர் நம் வீடுகளில் பலர். 'உணவுக்கு முன்' என்று மட்டும் பெயர்த்துச் சொன்னால், தட்டின் முன் அமர்ந்து விழுங்கிவிடுவர். 'பசியாறுவதற்கு அரைமணி நேரம் முன்னே, இத்தனை வாரம், அதன்பின் மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்று தெளிந்த தமிழில் ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டுக. அதுவும் மருந்தின் ஒரு பகுதியே.