மும்பையின் போக்குவரத்தும் முப்பதாண்டுக் கணக்கும்

2024 ஜனவரியில் சிவ்ரியிலிருந்து நாவா ஷேவா பக்கம் செல்லும் 21.8 கி.மீ. கடற்பாலம் திறக்கப்பட்டபோது, இது இந்தக் காலத்து யோசனை என்றே பலரும் எண்ணினார்கள். 1960களின் தொடக்கத்தில் வில்பர் ஸ்மித் என்ற அமெரிக்க நிறுவனம் பம்பாயின் போக்குவரத்தை ஆராய்ந்து கொடுத்த அறிக்கையிலேயே இதற்கு வித்திட்டாயிற்று. காகிதத்திலிருந்து கடலுக்கு இறங்க அறுபது ஆண்டுகள்!

இத்தகைய நீண்டகாலத் திட்டங்களை எப்படிப் போடுகிறார்கள், எங்கே சறுக்குகிறது என்பதை, ரயில்வேயிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் எளிதாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எல்லை. விரார், கல்யாண், பத்லாபூர், பன்வேல் என்று எங்கிருந்து வேலைக்கு வந்தாலும், போக்குவரத்துக் கணக்கில் அவர் மும்பைவாசியே. மாநகராட்சிகளின் எல்லைகளை மறந்து முழு வட்டாரத்தையும் ஒன்றாகப் பார்க்கவே 1975-ல் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதுதான் இன்றைய எம்.எம்.ஆர்.டி.ஏ.

அடுத்தது கணக்கு. வட்டாரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வீடு வீடாகச் சென்று விசாரிக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளி, வண்டி இருக்கிறதா? இதிலிருந்து, ஒரு பகுதியில் நாளொன்றுக்கு எத்தனை பயணங்கள் பிறக்கும் என்று தெரியும். அவை எங்கே போய்ச் சேருகின்றன, ரயிலிலா பஸ்ஸிலா ஸ்கூட்டரிலா நடையிலா, கடைசியாக எந்தத் தடத்தில் என்று படிப்படியாகக் கணிக்கிறார்கள். பிறகு இருபது, முப்பது ஆண்டு கழித்து ஜனத்தொகையும் வேலைகளும் எங்கெங்கே இருக்கும் என்று ஊகித்து, அதே கணக்கை மீண்டும் போடுகிறார்கள். 2031-ஐ இலக்காக வைத்து 2008-ல் முடிந்த ஆய்வு இப்படிப் போட்டதுதான். (அதில் பாதிக்கு மேற்பட்ட பயணங்கள் கால்நடையாகவே நடப்பதாகத் தெரிந்தது. நடைபாதைக்கு நம் ஊரில் உள்ள மரியாதை வாசகர்கள் அறிந்ததே.)

கணக்குப் போடுவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஊகம்தான் கஷ்டம். ஜனங்கள் எங்கே குடியேறுவார்கள் என்பதையாவது ஓரளவு சொல்லிவிடலாம். வேலை எங்கே போகும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம்.

பரேலைப் பாருங்கள். மில்கள் ஓடிய காலத்தில் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அருகிலிருந்த சால்களிலிருந்து நடந்தே வேலைக்குப் போனார்கள். 1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் அலுவலகங்களும் கடைகளும் எழுந்தன. அங்கே வேலைக்கு வருபவர்கள் விராரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ரயிலில் வருகிறார்கள். ஸ்டேஷன் மட்டும் மில் காலத்து ஸ்டேஷன்! கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது ஓர் அலுவலகம், படிக்கட்டை அகலப்படுத்த வேண்டியது இன்னோர் அலுவலகம். 2017 செப்டம்பர் 29 அன்று, மழை கொட்டிய காலை நேரத்தில், எல்ஃபின்ஸ்டன் ரோடு நடைபாலப் படிக்கட்டில் 23 பேர் நெரிசலில் இறந்தார்கள். ராணுவத்தினர் வந்து அமைத்த புதிய நடைபாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஐந்தே மாத வேலை.

நவி மும்பையின் கதை வேறு விதம். அங்கே ஊகம் சரிதான். தீவுக்குள் நெரிசல் தாங்காது, கழிமுகத்துக்கு அப்பால் இரட்டை நகரம் வேண்டும் என்று சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் 1960களின் நடுவில் எழுதினார்கள். 1970-ல் சிட்கோ பிறந்தது. சில ஆண்டுகளில் வாஷிக்குச் சாலைப் பாலமும் வந்துவிட்டது. ஆனால் மான்குர்டிலிருந்து வாஷிக்கு மின்ரயில் ஓடியது 1992 மே மாதத்தில்தான். அதற்கான செலவிலும் மூன்றில் இரண்டு பங்கைச் சிட்கோ ஏற்றது. சுமார் இருபது ஆண்டுகள் ரயில் இல்லாமல் ஒரு நகரம் வளர வேண்டியிருந்தது. வெங்காய மண்டி, தானிய மண்டி எல்லாம் வந்தன. ஆனால் இழுத்துவர வேண்டிய பெரிய காந்தமான அரசுத் தலைமை அலுவலகம் வரவில்லை. அது தெற்கு முனையிலேயே நின்றது. பக்கத்திலேயே கடலைத் தூர்த்து நரிமன் பாயிண்ட் கோபுரங்களும் எழுந்தன.

ரயில்வேக்காரனின் கண்ணுக்கு இதில் ஒன்று உறுத்தும். காலையில் தெற்கே போகும் வண்டியில் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். அதே வண்டி வடக்கே திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கும். தாணேயிலும் பேலாப்பூரிலும் பன்வேலிலும் போதுமான வேலைகள் இருந்தால், ஒரு கெஜம் தண்டவாளம்கூடப் போடாமல் அந்தக் காலி இடங்கள் நிரம்பும். புதிய தடம் போடுவதற்கு நிலம் எடுக்க வேண்டும், குடிசைகளுக்கு மாற்றிடம் தர வேண்டும், ஓடும் வண்டிகளுக்கு நடுவே வேலை செய்ய வேண்டும். தாணே–திவா ஐந்தாம், ஆறாம் தடங்கள் சுமார் 9 கி.மீ. தூரம்தான். 2008-ல் ஒப்புதல் பெற்றவை 2022 பிப்ரவரியில் முடிந்தன. அதற்குள் திவாவிலும் டோம்பிவிலியிலும் எத்தனை ஆயிரம் வீடுகள் முளைத்தன! தடம் வந்த பிறகும் நெரிசல் தணியவில்லை. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே, எதிரெதிரே சென்ற வண்டிகளில் வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் விழுந்து உயிரிழந்தார்கள்.

ஆகவே என் அபிப்பிராயத்தில், ஒரு நீண்டகாலத் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாலங்களின் படங்களை அல்ல. அலுவலகங்களுக்கு எங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே ரயில் எந்த ஆண்டு வரும் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் அழுத்தமான கோடு என்றால் ஓடுகிற தடம், புள்ளிக்கோடு என்றால் யோசனை.

பன்வேல், உல்வே, கர்ஜத் பக்கம் வீடு பார்க்கும் அன்பர்கள் பலர் இருப்பீர்கள். "வரப்போகும் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்" என்று பில்டர் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தத் தடத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா? நிலம் கைக்கு வந்துவிட்டதா? பட்ஜெட்டில் இந்த ஆண்டு பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மூன்றாவதற்கு மட்டும் "ஆம்" என்று பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம். நிலம் வராமல் பணம் செலவாகாது. அடுத்த பட்ஜெட்டிலும் அதே வரியைப் பார்க்கலாம்.