ஜன்னலோரத்து மணி பிளான்ட்

கரமனை அக்ரகாரத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். செடிக்கு இடம் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோதான். பாட்டில் தண்ணீரில் வேர்விட்ட மணி பிளான்ட் அங்கே அழகாகப் படரும்.

காற்றை அது சுத்தமாக்குமா?

1989-ல் நாசா, காற்றுப்புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துப் பார்த்தது. பென்சீன் போன்ற நச்சுகள் குறைந்தன. ஆனால் வீடு மூடிய பெட்டியல்ல. 2019-ல் வெளியான டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வின் கணக்குப்படி, வீட்டில் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலைக்கு ஈடாக, சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை! வாசலையும் கொல்லைக் கதவையும் திறந்துவிடுவதே மேல்.

பச்சை இலை கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு இதம். அதற்காகவே தாராளமாக வளர்க்கலாம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது, நீர்மட்டத்தை ஒட்டிய அந்த ஈரச் சுவரில்தான்.